கரி அடுப்பு வைத்து அறையைச் சூடாக்கலாமா? நிலக்கரியோடு வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி, டிசம்பர் 2, 2024

குன்னூரில் பழைய வீடு ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ராத்திரிக் குளிர் தாங்கவில்லை. சுவரில் கணப்பு இருக்கிறது, ஆனால் புகைபோக்கியை மேலே சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். மின் ஹீட்டர் போட்டால் ஃப்யூஸ் போகிறது. கடையில் அடுப்புக்கரி கிடைக்கிறது, புகையே வராது என்கிறார்கள். இரும்புச் சட்டியில் தணல் போட்டு அறையில் வைத்துக்கொள்ளலாமா? வடக்கே நிலக்கரி போட்டுக் குளிர்காய்ந்து வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். குழந்தைக்கு நாலு வயது.

டிசம்பர் 2, இரவு 10.15

வைக்காதீர்கள். இன்றைக்கே வைக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு வரி போதும். புகை வராத கரிதான் ஆளைக் கொல்லும். அடைத்த புகைபோக்கி, சாத்திய ஜன்னல், சின்னக் குழந்தை. கம்பளியை இரண்டாகப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 3, காலை 7.30

நான் வளர்ந்தது ஜரியாவில். தன்பாதுக்குத் தெற்கே, தாமோதர் நதிக்கு இந்தப் பக்கம். அன்றைக்கு அது பீகார், 2000 நவம்பருக்குப் பிறகு ஜார்க்கண்ட். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர், ஓவர்மேன், அதாவது உள்ளே வேலையை மேற்பார்க்கிறவர். 1971 அக்டோபரில் அந்தப் பக்கத்துக் கோக்கிங் கரி (இரும்பு உருக்கப் பயன்படும் நிலக்கரி) சுரங்கங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டபோது நான் இரண்டாம் வகுப்பு. முதலாளியின் பெயர்ப்பலகையை இறக்கிய அன்று அப்பா வீட்டுக்கு ஜிலேபி வாங்கிவந்தார். அதனால்தான் அந்த வருஷம் நினைவிருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் அங்கே ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். குன்னூர்க்காரர்களுக்கு இது பெரிய குளிராகத் தோன்றாது. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் ஓட்டு வீடு, வெறும் சிமெண்ட் தரை, கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. வெள்ளைக்காரர் காலத்து மேனேஜர் பங்களாக்களில் மட்டும் கணப்பு உண்டு. எங்களுக்கு வாளி அடுப்புதான்.

அதைச் செய்யும் விதம்: பழைய இரும்பு வாளியில் அடியிலிருந்து நாலு விரல் மேலே பக்கவாட்டில் ஒரு வாய் வெட்டுவார்கள். காற்று போகவும் சாம்பல் வாரவும் அந்த வாய்தான். அதற்கு மேலே குறுக்கே இரும்புக் கம்பிகள். உள்பக்கம் முழுக்கக் களிமண்ணும் உமியும் பிசைந்து கனமாகப் பூச்சு. விளிம்பில் பாத்திரம் உட்கார மூன்று மண் குமிழ். வாளியின் கைப்பிடி அப்படியே இருக்கும், அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கள் பக்கம் சூலா, டெல்லிப் பக்கம் அங்கீட்டி, பக்கத்து வீட்டு வங்காளி மாசிமாவுக்கு உனுன்.

பற்றவைப்பதற்குள் உயிர் போகும். கம்பிமேல் உடைத்த வறட்டி, அதன்மேல் சுள்ளி, அதற்கும் மேலே கோழிமுட்டை அளவுக்கு உடைத்த கரி. கீழ் வாயில் மண்ணெண்ணெய் தொட்ட துணியைச் செருகிக் கொளுத்திவிட்டு ஓலை விசிறியால் விசிறவேண்டும். முதல் அரைமணி நேரம் அடர்ந்த மஞ்சள் புகை வரும். தார் வாசனை. அந்த நேரத்தில் அடுப்பு முற்றத்திலோ தெருவிலோதான் இருக்கும். புகை ஓய்ந்து, கரி மேல்வரைக்கும் சிவந்து, நீலச் சுடர் குட்டிக்குட்டியாக ஆட ஆரம்பித்ததும் உள்ளே தூக்கிவருவார்கள்.

அந்த நீலச் சுடர் என்ன என்று பிற்பாடு அப்பா சொன்னார். கரியின் அடியில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மேலே வந்து எரிவதுதான் அது. எரிந்தவரை சரி. எரியாமல் தப்பியது அறைக்குள் பரவும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. புகை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைத்து உள்ளே கொண்டுவருகிற அதே நேரத்தில்தான் அபாயமும் உள்ளே வருகிறது. உங்கள் கடைக்காரர் சொல்வது பொய் இல்லை, புகை வராதுதான்.

டிசம்பர் 3, மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "அப்படியென்றால் நீங்கள் எல்லாரும் எப்படிப் பிழைத்தீர்கள்?"

எல்லாரும் பிழைக்கவில்லை என்பது முதல் பதில். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் வட்டாரத்தில் எங்காவது ஒரு வீட்டில் காலையில் கதவு திறக்காது. பெரும்பாலும் புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் படுப்பவர்கள். பெரியவர்கள் அதை எங்கள் முன்னால் பேசமாட்டார்கள், குரலைத் தாழ்த்துவார்கள். நாங்கள் எப்படியும் கேட்டுவிடுவோம்.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். படுக்கப் போகும் முன் அடுப்பு வெளி வராந்தாவில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல தணல் வீணாகிறதே என்று அம்மா ஒருநாளும் வாதாடியதில்லை. "ஏட்டி, அடுப்பை வெளிய வச்சாச்சா?" என்ற கேள்வி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் வரும். பதில் சொன்னால் போதாது, யாராவது ஒருத்தி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் அவர் தொழில். சுரங்கத்துக்குள் சுடர் விளக்கு கொண்டுபோவார். மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் நீலத் தொப்பி போல ஒன்று தெரியும். பிராணவாயு குறைந்தால் விளக்கு மங்கி அணையும். மோனாக்சைடுக்கு மட்டும் அந்த விளக்கு ஒரு சாடையும் காட்டாது, விளக்கு பாட்டுக்கு எரியும், ஆள் பாட்டுக்கு விழுவான். அதற்காகத்தான் ஒரு காலத்தில் மீட்புக்குப் போகிறவர்கள் கூண்டில் சின்னப் பறவை கொண்டுபோனார்கள். பறவை சாய்ந்தால் திரும்பிவிட வேண்டும். "வீட்டுல பறவையும் கெடையாது, விளக்கும் கெடையாது, நீங்கதான் இருக்கீங்க" என்பார்.

நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற பொருளோடு மோனாக்சைடு இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். சின்னக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும்.

டிசம்பர் 4

குளிர்காய்ந்த கதையையும் எழுதுங்கள், பயமுறுத்தியது போதும் என்று ஒருவர். சரி.

சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்பு நடு அறைக்கு வரும். சமையல் முடிந்த தணல், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக் காணும். இரண்டு ஜன்னலும் அரைக்கதவு திறந்திருக்கும். முதுகு குளிரும், முகம் சுடும். அதனால் மாறிமாறித் திரும்பி உட்காருவோம். வீட்டுப்பாடம் அங்கேதான். அக்காவின் வரைபட நோட்டில் ஒரு பொறி விழுந்து வங்காள விரிகுடா பக்கம் ஓட்டை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு "புயல் கரையைக் கடந்ததா?" என்று கேட்டார்களாம். வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சாம்பலில் சக்கரவள்ளிக்கிழங்கைப் புதைப்போம். எதிர்வீட்டுச் சாச்சி வறுத்த கடலைமாவை உள்ளே வைத்து லிட்டி உருண்டை சுடுவார், கடுகெண்ணெய் விட்டுச் சுட்ட கத்தரிக்காய் மசியலோடு, அதற்குச் சோக்கா என்று பெயர், தட்டில் போட்டுக் கொடுத்தனுப்புவார். அம்மா அதே கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, புளியும் காய்ந்த மிளகாயும் வைத்து நம் ஊர்த் துவையலாக அரைத்துத் திருப்பி அனுப்புவாள். இரண்டு வீட்டுத் துவையலிலும் கரியின் மணம் ஒன்றுதான்.

எரிவாயு அடுப்பில் சுடும் கத்தரிக்காய்க்கு அந்த ருசி இல்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

டிசம்பர் 4, இரவு

அக்கா போனில் கூப்பிட்டாள். நான் எழுதியதை அவள் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு விஷயத்தில் அவளுக்குக் கோபம்.

ஒன்று, ஜன்னல் திறந்திருக்கும் என்று எழுதியது. "நீ சின்னவ, உனக்கு என்ன தெரியும்? அப்பா ஷிப்டுக்குப் போனதும் அம்மா ஜன்னலச் சாத்திருவா. அவரு வர்ற நேரத்துக்குத் திறந்து வைப்பா." இது எனக்குப் புதுச் செய்தி. நான் பார்த்தது அப்பா இருந்த சாயங்காலங்களைத்தானோ என்னவோ. அம்மாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திறந்த ஜன்னலை எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? விதி தெரிந்தவர்களே குளிரில் விதியை மீறுவார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். அதனால்தான் "கொஞ்சம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாமா" என்று நீங்கள் அடுத்துக் கேட்டதற்கும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

இரண்டாவது கோபம்: விசிறியது யார் என்று நான் எழுதவே இல்லையாம். "பற்றவைப்பார்கள், தூக்கிவருவார்கள்னு எழுதியிருக்கியே, யாரு? நான்தான் விசிறுனேன். பத்து வயசுலருந்து." நியாயம். பதிவாகட்டும். விசிறியது அக்கா. கரி உடைத்தது நான். அண்ணன் கிரிக்கெட் விளையாடினான்.

டிசம்பர் 6

கரி உடைத்ததைப் பற்றி.

சுரங்க ஊழியர்கள் வீட்டுக்கு மாதா மாதம் இலவசக் கரி வரும். வண்டியில் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். தலையளவு பாறைகளும் இருக்கும், பொடியும் இருக்கும். சுத்தியலால் உடைக்க ஒரு நெளிவு உண்டு. கரியில் படுகையின் கோடுகள் தெரியும், கோடு ஓடும் திசையில் லேசாகத் தட்டினால் பலகை பலகையாகப் பிளக்கும். குறுக்கே எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பொடிதான் மிஞ்சும். எட்டு வயதில் அது எனக்குக் கைவந்துவிட்டது, அதில் பெருமையும் உண்டு. சில துண்டுகள் கண்ணாடிபோல் பளபளக்கும், அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

இந்தப் பச்சைக்கரிக்குப் புகை அதிகம். புகை குறைந்த கரி வேண்டுமென்றால் போடா கோய்லா, ஆங்கிலத்தில் சாஃப்ட் கோக் என்பார்கள். அதைச் செய்கிற முறையை நேரில் பார்த்திருக்கிறேன். திறந்தவெளியில் பச்சைக்கரியை நீளக் குவியலாகக் கட்டி, நெருப்பு வைத்து, புகைக்கிறதெல்லாம் புகைந்து போகும்வரை விட்டு, முழுக்கச் சாம்பலாகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவார்கள். மிஞ்சுவது துளைத்துளையான, எடை குறைந்த கரி. கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் வீட்டு அடுப்புக்கு ரயிலில் போனது இதுதான். டெல்லியில் வளர்ந்த என் நாத்தனார், கரோல்பாக் டிப்போவில் வாங்கிய கரி சுத்தமானது, புகையே இருக்காது என்பாள். அந்தப் புகை முழுவதும் எங்கள் ஊரிலேயே வெளியேறிவிட்டது. கோடையில்கூட அந்தக் குவியல்கள் ராத்திரி சிவப்பாகத் தெரியும்.

டிசம்பர் 6, சற்று நேரம் கழித்து

"ஜரியாவில் பூமிக்கு அடியிலேயே நெருப்பு எரிகிறதாமே, தரையே சூடாக இருக்குமே, அடுப்பு எதற்கு?" வேடிக்கையாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் சிறுவர்கள் நாங்களும் அதையேதான் கேட்டோம்.

1916ல் பவ்ராவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நெருப்பு அது. கரிப்படுகைக்குள் காற்று புகுந்தால் கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெட்டி முடித்த சுரங்கங்களை ஒழுங்காக மூடாமல் விட்டதால் அது படர்ந்தது. மழைக்காலத்தில் வெடிப்புகளிலிருந்து வெள்ளை ஆவி எழும். அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் தரை வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெடிப்பிலிருந்து வருவதும் அதே வாயுதான், அதோடு தரை எப்போது உள்வாங்கும் என்று சொல்லவும் முடியாது. அங்கே போனால் முட்டியைப் பெயர்த்துவிடுவேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். 2009ல் அரசு பெரிய மறுவாழ்வுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்து, பேல்கடியா என்ற இடத்தில் குடியிருப்பு கட்டி ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்னும் நெருப்பின்மேல் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

டிசம்பர் 9

ஆச்சி கதையை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேள்வி கேட்டவர் "பாதி ராத்திரிக்கு மட்டும் வைத்தால்?" என்று மறுபடி கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் அம்மா ஒரு குளிர்காலம் எங்களோடு இருக்க வந்தார். மெட்ராஸ் மெயிலில் ஹௌரா, அங்கிருந்து தன்பாத். திருநெல்வேலியைத் தாண்டாத உடம்பு. வந்த நாளிலிருந்து நடுக்கம். அடுப்பை விட்டு நகரமாட்டார். ஒரு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, வராந்தாவில் இருந்த அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவடியில் காற்று வரும் இடைவெளியையும் பழைய புடவையைச் சுருட்டி அடைத்துவிட்டார்.

அப்பாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். நடு ராத்திரி தாண்டி வந்தவர் கைகால் கழுவப் பானையிடம் போனார். பக்கத்தில் அடுப்பு இல்லை. எங்களை எழுப்பிக்கூடக் கேட்கவில்லை, நேராகப் போய் ஆச்சியின் கதவை உதைத்தார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம். ஆச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். பனியில் கிடத்தி, முகத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தாயாரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

வெகுநேரம் கழித்துக் கண் திறந்த ஆச்சி சொன்னது: "நல்லா ஒறக்கம் வந்துச்சே, எதுக்குல எழுப்புன?"

அந்த வார்த்தையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டவில்லை, வலிக்கவில்லை. அவருக்கு அது நல்ல தூக்கம். தானாக எழுந்து கதவைத் திறந்துகொள்வோம் என்று யாரும் நம்பவேண்டாம். பிறகு ஆச்சிக்கு நாள் கணக்கில் தலைவலி. தணலும் பெரிதாக இல்லை, சாம்பல் மூடிய அடித்தணல். பாதி ராத்திரிக்குக்கூட அவ்வளவு தேவைப்படவில்லை.

டிசம்பர் 10

இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து ஒருவர்: "இங்கே நூறு வருஷமாக வீட்டுக்குள் நிலக்கரி எரித்தார்கள், எல்லாரும் செத்துவிடவில்லையே."

அங்கே புகைபோக்கி உண்டு. சூட்டில் பெரும்பகுதி அதன் வழியே மேலே போய்விடும், வாயுவும் அதோடு போகும். எங்கள் வாளிக்குப் புகைபோக்கி கிடையாது, சூடும் வாயுவும் முழுசாக அறைக்குத்தான். அந்தப் புகைபோக்கிகளும் சும்மா விடவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையாமல் நின்றபோது வீட்டுக் கணப்புகளின் புகை ஊர்மேலேயே தங்கிவிட்டது. நாலாயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்குச் சொன்னார்கள், பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. 1956ல் சட்டம் போட்டார்கள். வீட்டு உபயோகத்துக்குச் சாதாரண நிலக்கரி விற்பதை இங்கிலாந்து முழுவதுமாக நிறுத்தியது 2023 மே மாதத்தில்தான்.

எங்கள் ஊரிலும் அதே கதைதான், சின்ன அளவில். குளிர்காலச் சாயங்காலம் நாலு மணிக்கு வரிசை வீடுகளில் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றவைப்பார்கள். மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும், கீழே குளிர்ந்த காற்று, புகை ஓட்டு உயரத்துக்கு மேல் ஏறாது. தெருவின் அந்தக் கோடியில் வருகிறவர் யாரென்று இருமலை வைத்துத்தான் தெரியும்.

கொரியத் தொடர்களில் துளை போட்ட உருளைக் கரி வருமே என்று இன்னொருவர் கேட்டதற்கும் இங்கேயே சொல்கிறேன். அது தரைக்கு அடியில் வழி வைத்துச் சூடேற்றுகிற முறை. உருளையில் பெரும்பாலும் 22 துளை இருக்கும். தரையில் விரிசல் விட்ட வீடுகளில் வாயு கசிந்து அங்கேயும் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். காஷ்மீரின் காங்கிரி, ஃபிரன் என்ற தொளதொள அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கரிச்சட்டி, அதன் சூடு பட்டுப்பட்டுத் தொடையிலும் வயிற்றிலும் வரும் தோல் புற்றுநோய்க்கு மருத்துவத்தில் அதன் பெயரே உண்டு.

டிசம்பர் 13

அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

அப்பா ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, மாடி ஏற முடியாமல் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மார்கழியிலும் சளி, இருமல், ஆஸ்பத்திரி. ஒரு இளம் டாக்டர் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, பீடி சிகரெட் பழக்கமுள்ளவர்களுக்கு வருகிற மாதிரி இருக்கிறதே என்றார். அம்மா சிரித்துவிட்டாள். எந்த அடுப்பில் சமைத்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். நல்ல டாக்டர். சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று எழுதி இன்ஹேலர் கொடுத்தார். சுரங்கத்துக்குள் போய்வந்த அப்பாவின் நுரையீரல் எண்பது வயதிலும் ஓரளவு நன்றாக இருந்தது. சுரங்கத்தை வெளியிலிருந்துகூட அதிகம் பார்க்காத அம்மாவுக்குத்தான் வந்தது.

அப்பாவுக்குத் தலைக்கவசமும் பூட்ஸும் கொடுத்தார்கள். வாயு அளக்க ஆள் இருந்தார்கள், அவ்வப்போது மார்பு எக்ஸ்ரே. தினம் இரண்டு வேளை அரைமணி நேரம் அந்த மஞ்சள் புகைக்குள் உட்கார்ந்த அம்மாவையும் அக்காவையும் யாரும் அளக்கவில்லை. அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று இங்கே நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அந்த நன்மையை எங்களுக்குக் கொடுத்தவள் கடைசி ஆறேழு வருஷம் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கரிக்காகப் போன உயிர்களும் உண்டு. 1975 டிசம்பர் 27, சாஸ்நாலா. பக்கத்தில்தான். பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து 370 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று எங்கள் வரிசையில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எங்களை யாரும் கரி உடைக்கக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 14

விலைக்கு வாங்கியவர்களைப் பற்றி ஒருவர் கேட்டார். இலவசக் கரி இல்லாதவர்கள், அதாவது ஊரில் பாதிப்பேர், பொறுக்கிய கரியை வாங்கினார்கள். கொட்டிய மண்மேடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு விடியும் முன்பே நிற்பார்கள். பிறகு சைக்கிள்காரர்கள். சைக்கிள் சட்டத்தின் இரண்டு பக்கமும் மூட்டை மூட்டையாகக் கட்டி, இருநூறு கிலோவுக்கு மேல், ஏறி ஓட்டவே முடியாது, தள்ளிக்கொண்டே பொகாரோ, ராஞ்சி வரை போவார்கள். மேட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சைக்கிளைத் தள்ளி ஏற்றிவிட்டு அடுத்ததற்கு இறங்கிவருவார்கள். போன தடவை தன்பாத் போனபோதும் அந்த வரிசையைப் பார்த்தேன்.

டிசம்பர் 17

கேள்வி கேட்டவருக்கு. கொத்தனாரைக் கூப்பிட்டுப் புகைபோக்கியின் சிமெண்டை உடைக்க வீட்டுக்காரர் சம்மதித்தது நல்ல செய்தி. உடைத்த உடனே விறகு போடாதீர்கள். முதலில் உள்ளே முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும், கூடும் சருகும் இருக்கும். பிறகு ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கணப்புக்குள் காட்டுங்கள். புகை நேராக மேலே ஏறினால் சரி. அறைப் பக்கம் திரும்பினால் இன்னும் அடைப்பு இருக்கிறது. எரிப்பது நன்றாகக் காய்ந்த விறகாக இருக்கட்டும். படுக்கும் முன் நெருப்பு முழுக்க அணைந்திருக்க வேண்டும். மோனாக்சைடு அலாரம் என்று கையகலப் பெட்டி இணையத்தில் கிடைக்கிறது, வாங்கிப் படுக்கை அறையில் வையுங்கள். ஃப்யூஸ் போவது வயரிங் பழசு என்பதற்கு அறிகுறி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை குழந்தையின் படுக்கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் தெருவில் இரவுக் காவலர் இருந்தால் அவர் சின்னக் கொட்டகைக்குள் என்ன வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று பாருங்கள். அவருக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

டிசம்பர் 19

லெகோ பற்றிக் கேட்டவருக்கு: நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக அழுத்திச் சுட்டுச் செய்தது அது. ஊரில் என் பெரியம்மா குமுட்டி அடுப்பில் அதைத்தான் போடுவார். ஜரியாக் கரி அளவுக்குப் புகையாது. மூடிய அறையில் அதுவும் இதே வாயுவைத்தான் தரும்.

டிசம்பர் 22

கரிப்பொடியை என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு, அக்கா போனில் சொல்லச் சொல்ல எழுதியது. வாசலில் மிஞ்சும் பொடியைச் சலித்து, நாலு பங்கு பொடிக்கு ஒரு பங்கு களிமண், ஒரு கை சாணம், பிடிப்புக்கு வடித்த கஞ்சி. கொழுக்கட்டைப் பதத்தில் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை. அங்கே இதற்குக் குல் என்று பெயர். நான் மூன்று பங்கு பொடி என்று நினைத்திருந்தேன், நாலுதான் என்று அக்கா அடித்துச் சொல்கிறாள். அவள் பிடித்த உருண்டை உடையாது, என்னுடையது உடையும், ஆகவே அவள் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காய வேண்டும், அடிப்பக்கம் திருப்பிவிட மறக்கக்கூடாது. ஈரம் இருந்தால் அடுப்பில் படபடவென்று வெடிக்கும். திறந்த முற்றத்தில் மட்டும்.